தப்பான திசையில் ஓடிய பையன்



கொஞ்சம் நீளமான பதிவு. பாடம் ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. எந்தக் கல்லூரியோ, எந்த ஊரோ தெரியாது. பெண்கள் தொடர் ஓட்டம். மூன்றாவதாக ஓடி வந்த பெண் பேட்டனைக் கைமாற்றும்போது அது நழுவி உருண்டு பக்கத்து லேனுக்குப் போய்விட்டது. எடுக்கக் குனிந்தவள் தானும் விழுந்தாள். எழுந்து பார்ப்பதற்குள் மற்ற அணிகள் முடித்துவிட்டன. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குப் பின்னணியில் சினிமா காமெடி வசனம் ஒன்றைச் சேர்த்திருந்தார். சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன்.

அதன் கீழே ஒருவர், "டேய் பேட்டன், உன் வாரிசு வந்தாச்சுடா" என்று எழுதினார். அதற்கும் சிரிப்பு. கால் மணி நேரம் கழித்துச் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. அவன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

உறவினர்களுக்காகச் சொல்கிறேன். 1990-களின் நடுவில் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. குறுவட்டப் போட்டிகளுக்கு நான்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். பிளாஸ்டிக் குழாயை ஓரடி நீளத்துக்கு வெட்டி அதுதான் எங்கள் பேட்டன். ஒரு வருஷம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையிலிருந்து அது நழுவி விழுந்தது. நிச்சயமாக வந்திருக்க வேண்டிய பரிசு போயிற்று. மறுநாள் காலை வருகைப் பதிவேடு எடுக்கும்போது அவன் பெயர் வந்த இடத்தில் "பேட்டன்" என்று கூப்பிட்டது நான். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் பற்றி நேராக எழுத எனக்கு வரவில்லை. எனக்கு வருவது வரலாறு. அதனால் அந்த வழியாகவே வருகிறேன்.

அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, சனிக்கிழமை ஆனால் மருமகன் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். கல்லூரி ஃபுட்பால். நம் ஊரில் கல்லூரி மேட்ச் என்றால் ஐம்பது பேர் நிற்பார்கள், அதில் பாதி வகுப்பைக் கட் அடித்தவர்கள். அங்கே கதையே வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆடுகிறவர்கள் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும் மாணவர்கள். டிவிக்காரர்கள் பல்கலைக்கழகங்களுக்குக் கோடிகோடியாகக் கொடுப்பார்கள். ஆடும் பிள்ளைக்குப் படிப்புச் செலவுக்கான உதவித்தொகை. தன் பெயரையோ படத்தையோ வைத்து அவன் ஒரு பைசா சம்பாதிக்கக் கூடாது என்ற விதி சமீப காலம்வரை இருந்தது.

மருமகன் ஒரு நாள் எனக்கு ராய் ரீகல்ஸ் கதையைச் சொன்னார். அன்றிலிருந்து அந்த நூலைப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டே இருக்கிறேன்.

1929 ஜனவரி 1. கலிபோர்னியாவில் பாசடினா என்ற ஊர். புத்தாண்டு அன்று அங்கே நடக்கும் ரோஸ் பவுல் போட்டி அவர்களுக்கு ஒரு திருவிழா. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் மோதின. அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து கிடையாது. மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி நீண்ட பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோடுவரை ஓட வேண்டும். குறுக்கே வந்து கட்டிப்பிடித்து விழுத்தாட்டுவார்கள்.

இரண்டாவது கால் பகுதியில் ஜார்ஜியா டெக் வீரர் கையிலிருந்து பந்து நழுவியது. கலிபோர்னியா அணியின் ராய் ரீகல்ஸ் அதைப் பாய்ந்து எடுத்தார். வயது 20. எடுத்த இடத்தில் யாரோ இடிக்க, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். திரும்பியபோது எதிரே வெட்டவெளி. ஓட ஆரம்பித்தார். 60 கெஜத்துக்கு மேல், உயிரைக் கொடுத்து, தன் சொந்த அணியின் கோட்டை நோக்கியே ஓடினார். அவருடைய கூட்டாளி பென்னி லாம் பின்னாலேயே கத்திக்கொண்டு துரத்தினார். மைதானம் இரைந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் லாம் அவரை எட்டிப் பிடித்துத் திருப்ப, அதற்குள் எதிரணி வந்து விழுந்து அமுக்கிவிட்டது. அந்த மூலையில் மாட்டிக்கொண்ட கலிபோர்னியா அடுத்த ஆட்டத்திலேயே 2 புள்ளியைப் பறிகொடுத்தது. கடைசியில் ஜார்ஜியா டெக் 8, கலிபோர்னியா 7. அந்த 2 புள்ளி இல்லாவிட்டால் முடிவே வேறு.

அது வானொலிக் காலம். அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பாலை 1921-லேயே பிட்ஸ்பர்க் வானொலி நிலையம் ஒன்று நேரடியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. 1929-ல் நாடு முழுவதும் வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வர்ணனையாளர் கிரகாம் மெக்நாமி அந்தக் காலத்தில் பெரிய பெயர். அவரே, தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒலிபெருக்கியில் திகைத்துப்போனார். மறுநாள் பத்திரிகைகள் பையனுக்குப் பெயர் வைத்துவிட்டன: 'ராங் வே ரீகல்ஸ்'. அந்தப் பெயர் அவருடைய மரணச் செய்தியின் தலைப்புவரை கூட வந்தது.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் ஓட்டம் அல்ல. இடைவேளை.

இடைவேளையில் உடைமாற்றும் அறையில் ரீகல்ஸ் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் முகத்தைப் பொத்தி உட்கார்ந்து அழுதார். பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் வாயே திறக்கவில்லை. நேரம் ஆனதும், முதல் பாதி ஆடிய அதே ஆட்கள்தான் இரண்டாம் பாதியும் என்றார். எல்லாரும் எழுந்தார்கள், ரீகல்ஸ் எழவில்லை. உங்கள் மானத்தையும் பல்கலைக்கழகத்தின் மானத்தையும் வாங்கிவிட்டேன், அந்தக் கூட்டத்தின் முகத்தில் விழிக்க என்னால் முடியாது என்று சொன்னதாகச் சொல்வார்கள். பிரைஸ் பதிலுக்கு நீளமாக ஒன்றும் பேசவில்லை. எழுந்து போ, ராய், ஆட்டம் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது என்கிற அளவில்தான். ரீகல்ஸ் எழுந்து போனார். இரண்டாம் பாதியில் நன்றாகவே ஆடினார், எதிரணி உதைத்த ஒரு பந்தைத் தடுக்கவும் செய்தார். அடுத்த சீசனில் கலிபோர்னியா அணித் தலைவர் அவர்தான்.

இந்த இடத்தை முதல் தடவை கேட்டபோது எனக்கு என் வருகைப் பதிவேடு ஞாபகம் வரவில்லை. போன மாதம்தான் வந்தது. பிரைஸ் இருந்த இடத்தில் இருந்துகொண்டு நான் பத்திரிகைக்காரர் வேலையைச் செய்திருக்கிறேன்.

ரீகல்ஸுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. கேலிதான் அதிகம். ஒரு பெண் அவரைக் கல்யாணம் செய்துகொள்வதாகவும், ஆனால் தேவாலயத்தில் மணமக்கள் நடக்க வேண்டிய திசைக்கு எதிர்த் திசையில் நடக்க வேண்டும் என்றும் எழுதினாராம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள். கேலி செய்ய நினைத்தவர் தாள் எடுத்து, எழுதி, உறை ஒட்டி, தபால்தலைக்குக் காசு கொடுத்து, பெட்டிவரை நடந்துபோய்ப் போட வேண்டியிருந்தது. அந்த நடையில் பாதிப் பேருக்குக் கோபம் தணிந்திருக்கும். போட்ட கடிதமும் பையன் கைக்குப் போக நாலு நாளாவது ஆகியிருக்கும். இடைவேளையில் அந்த அறைக்குள் வந்தது பிரைஸின் குரல் மட்டும்தான்.

பின்னாளில் ரீகல்ஸ் விவசாய ரசாயனப் பொருட்கள் விற்கும் கம்பெனி வைத்து நடத்தினார். கேலியைச் சிரித்து ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பழகுவதற்கு எத்தனை வருஷம் ஆனது என்று யாரும் எழுதவில்லை. 1957-ல் கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் இதேபோலத் தப்பான பக்கம் ஓடியபோது ரீகல்ஸ் அவனுக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். 1964 அக்டோபரில் ஜிம் மார்ஷல் என்ற தொழில்முறை வீரர் 66 கெஜம் தப்பான பக்கம் ஓடினார். அவருக்கும் ரீகல்ஸ் எழுதினார், நம் சங்கத்துக்கு வருக என்று. 35 வருஷம் கழித்து அந்த மனிதர் இன்னொருவனின் முகவரியைத் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறார்.

இப்போது டிவிக்கு வருவோம்.

கல்லூரி ஆட்டம் முதன்முதலில் டிவியில் வந்தது 1939-ல், நியூயார்க்கில். அப்போது டிவிப் பெட்டி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். 1950-களில் வேடிக்கை என்னவென்றால், பல்கலைக்கழகங்கள் டிவியைக் கண்டு பயந்தன. வீட்டில் பார்த்துவிட்டால் டிக்கெட் யார் வாங்குவார் என்று, அவர்களுடைய கூட்டமைப்பான என்.சி.ஏ.ஏ. இத்தனை ஆட்டம்தான் காட்டலாம் என்று கட்டுப்பாடு வைத்தது. அது செல்லாது என்று 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு அணை உடைந்த மாதிரிதான். கூடைப்பந்தில் மார்ச் மாதப் போட்டிகளுக்காக மட்டும் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஏழு வருஷத்துக்கு 100 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டது. 1991-ல் அது நடைமுறைக்கு வந்தது.

அதே 1991-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஐந்து முதலாமாண்டு மாணவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 'ஃபேப் ஃபைவ்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. தொளதொள கால்சட்டை, கறுப்பு சாக்ஸ். நாடே அவர்களைப் பார்த்து அப்படியே உடுத்த ஆரம்பித்தது. ஐவரும் கறுப்பினப் பையன்கள். அவர்களைத் திட்டி, நிறத்தைச் சொல்லி, எழுத்தில் எழுதக்கூசும் வார்த்தைகளோடு பல்கலைக்கழகத்துக்குக் கடிதங்கள் வந்தன. பிற்பாடு ஒரு ஆவணப்படத்தில் அவற்றைக் காட்டினார்கள். கடிதக் காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த ஐவரில் பெரிய ஆட்டக்காரர் கிறிஸ் வெப்பர். 1993 ஏப்ரல் 5, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் இறுதிப் போட்டி, எதிரணி நார்த் கரோலினா. அரங்கத்தில் 64,000-க்கு மேல் கூட்டம், டிவியில் நாடு. முடிய இருபது விநாடி இருக்கும்போது மிச்சிகன் 71, நார்த் கரோலினா 73. பந்து வெப்பர் கையில். மூலையில் இருவர் வந்து மறித்தார்கள். வெப்பர் இரண்டு கையையும் சேர்த்து டைம்அவுட் கேட்டார். மிச்சிகனுக்கு டைம்அவுட் மிச்சமே இல்லை. இல்லாததைக் கேட்டால் தண்டம். எதிரணிக்கு இலவச வீச்சும் பந்தும் போயிற்று. 77-71. அன்று இரவு 23 புள்ளி எடுத்தவர் வெப்பர். அதை இன்று யாரும் சொல்வதில்லை. இவருக்கும் வயது 20.

ராய் ரீகல்ஸ் இறந்தது அதே 1993-ல், மார்ச் 26 அன்று, 84 வயதில். பத்து நாள் வித்தியாசம். இருந்திருந்தால் வெப்பருக்கும் ஒரு கடிதம் போட்டிருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவருக்குப் பதிலாக வேறொருவர் எழுதினார். அப்போது ஜனாதிபதியாக இருந்த பில் கிளின்டன். தான் இரண்டு தேர்தல்களில் தோற்றவன், எத்தனையோ தப்பு செய்தவன் என்று சொல்லி, நீயும் உன் அணியும் ஆடிய விதம் பெரிது என்று ஆறுதலாக எழுதினார். வெப்பர் அந்த வருஷமே 'டைம்அவுட்' என்ற பெயரிலேயே பிள்ளைகளின் படிப்புக்கு உதவ ஒரு அறக்கட்டளை தொடங்கினார். ஆனால் அந்தக் காட்சி ஒவ்வொரு மார்ச்சிலும் டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது. ரீகல்ஸின் ஓட்டத்தை நேரில் பார்த்தவர்களைத் தவிர மற்றவர்களில் பலருக்கு அது கேள்விப்பட்ட கதை. வெப்பரின் கை சேர்ந்தது எல்லார் வீட்டுக் கூடத்திலும் நடந்தது.

இன்னொன்றும் உண்டு. கையில் காசில்லாமல் கடைத்தெருவில் நடந்துபோன வெப்பர், தன் எண் போட்ட சட்டை கடை ஜன்னலில் விற்பனைக்குத் தொங்குவதைப் பார்த்துக் கசந்துபோனார் என்று அவர்களோடு கூடவே இருந்து எழுதிய பத்திரிகையாளர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். விற்ற பணம் பல்கலைக்கழகத்துக்கும் கம்பெனிக்கும். பிற்பாடு வெப்பர் ஒரு ரசிகரிடம் விதியை மீறிப் பணம் வாங்கியிருந்தது வெளிவந்து, மிச்சிகன் அந்த வருஷத்து வெற்றிகளையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டது, அரங்கத்தில் தொங்கிய கொடியையும் இறக்கிவிட்டது. அது அவர் பக்கத் தப்பு. ஆனாலும் அந்தச் சட்டை என் கண்ணில் நிற்கிறது.

2007-ல் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி இறுதிப் போட்டிவரை வந்து டென்னசியிடம் தோற்றது. மறுநாள் காலை டான் ஐமஸ் என்ற பிரபல வானொலிக்காரர் அந்தப் பெண்களின் தலைமுடியையும் நிறத்தையும் நடத்தையையும் சேர்த்து ஒரு அசிங்கமான வார்த்தை சொன்னார். பெண் பிள்ளைகள் தங்கள் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கரோடு பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்து, நாங்கள் யார் என்று தலைநிமிர்ந்து சொன்னார்கள். சொன்ன எட்டாம் நாள் ஐமஸுக்கு வேலை போயிற்று. நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். திட்டியவனுக்கு ஒரு பெயர், ஒரு முகம், ஒரு முதலாளி இருந்ததால் இது முடிந்தது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2013 நவம்பர் 30. அலபாமாவும் ஆபர்னும். ஒரே மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள், அந்த ஊரில் அண்ணன் தம்பிக்குள்ளேயே சண்டை மூட்டிவிடும் ஆட்டம். அலபாமா அப்போது நாட்டின் முதலிடத்தில் இருந்த அணி. 28-28 என்று சமநிலை. ஒரு விநாடி மிச்சம். அலபாமா தொலைவிலிருந்து உதைத்த பந்து குறுகி விழ, ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் முழு நீளமும் ஓடி ஜெயித்துவிட்டார். கடைசிப் பந்தை உதைத்தது ஆடம் கிரிஃபித் என்ற பையன். ஆனால் ஆட்டத்தின் நடுவில் வேறு மூன்று உதைகளில் புள்ளி வராமல் போனது கேட் ஃபாஸ்டர் என்ற கடைசி ஆண்டு மாணவருக்கு. ஒன்று எதிரணி தடுத்தது, இரண்டு குறி தவறியது. கூட்டத்தின் கோபம் முழுவதும் அவர் மேல் திரும்பியது.

இந்தத் தடவை தாளும் இல்லை, தபால்தலையும் இல்லை. ட்விட்டர். மைதானத்தைவிட்டு அவர் வெளியே வருவதற்குள் செத்துப்போ என்றும் கொன்றுவிடுவேன் என்றும் வந்து குவிந்தன. எழுதியவர்களில் பலருக்குச் சொந்தப் பெயர் கிடையாது, படத்தின் இடத்தில் ஒரு நாய்க்குட்டியோ அணியின் சின்னமோ. வேலையைவிட்டு நீக்க ஒரு முதலாளி கிடையாது. அம்மா அனுப்பும் 'சாப்பிட்டாயா' என்ற செய்தி வரும் அதே கைப்பேசிக்கு, அதே சத்தத்தோடு, அதுவும் வருகிறது. திறக்கும்வரை எது எது என்று தெரியாது.

அவருக்கும் ஒரு கடிதம் வந்தது, கையெழுத்தில். ஃபாஸ்டரின் சட்டை எண் 43. அமெரிக்காவின் 43-வது ஜனாதிபதி ஜார்ஜ் புஷ். வாழ்க்கையில் சறுக்கல் வரும், எனக்குத் தெரியும் என்கிற மாதிரி இரண்டு மூன்று வரி எழுதி, கீழே 'இன்னொரு 43' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். புஷ் செய்த மற்ற காரியங்களில் எனக்கு உடன்பாடு இல்லாதவை நிறைய. இந்த மூன்று வரிக்கு அவருக்கு முழு மதிப்பெண். ஃபாஸ்டர் அதைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். காயப்படுத்தியதும் அந்த வழிதான், ஆறுதலைக் காட்டியதும் அந்த வழிதான்.

"போனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதுதானே?" நானும் மருமகனிடம் இதைத்தான் கேட்டேன். ஆசிரியர் புத்தி. சில பயிற்சியாளர்கள் அதையும் செய்தார்கள், சீசன் முடியும்வரை ட்விட்டரே கூடாது என்று தடை போட்டார்கள்.

2021 ஜூலை 1 முதல் அது இன்னும் கடினமாகிவிட்டது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று அன்றைக்குத்தான் என்.சி.ஏ.ஏ. வழிவிட்டது. நல்ல காரியம், வெப்பரின் சட்டைக்கு வந்த நியாயம் என்றே சொல்வேன். ஆனால் கம்பெனி எதைப் பார்த்துக் காசு கொடுக்கிறது? எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதைப் பார்த்து. கைப்பேசியை மூடினால் வருமானம் மூடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, வீட்டு வாடகையும் வசவும் ஒரே கதவு வழியாக வருகின்றன. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஒலிவியா டன்னை லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்தார்கள். 2023 ஜனவரியில் யூட்டாவில் நடந்த போட்டிக்கு வந்த விடலைப் பையன்கள், மற்ற பெண்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே இவர் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். அணிக்குப் பாதுகாப்பை அதிகப்படுத்த வேண்டி வந்தது. அந்த மற்றப் பெண்களை நினைத்துப் பாருங்கள். 

அப்புறம் சூதாட்டம். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கலாமா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யட்டும் என்று தீர்ப்பளித்தது. இப்போது அணி ஜெயிக்குமா என்று மட்டும் பந்தயம் கட்டுவதில்லை. இந்தப் பையன் இன்று எத்தனை தடவை பந்தைப் பிடிப்பான் என்று கட்டுகிறார்கள். 2024 மார்ச்சில் நார்த் கரோலினா (ஆமாம், வெப்பரை ஜெயித்த அதே பல்கலைக்கழகம்) மிச்சிகன் ஸ்டேட் அணியை 85-69 என்று வென்றது. அந்த அணியின் அர்மாண்டோ பேக்கோட்டுக்கு அன்று நூறுக்கு மேற்பட்ட வசவுகள் வந்தன. ஜெயித்த அணியின் ஆள்! சிலர் பணம் கட்டிய எண்ணிக்கைக்குக் கொஞ்சம் குறைவாகப் பந்தைப் பிடித்துவிட்டார், அவ்வளவுதான் குற்றம். தனித்தனி மாணவர்கள் மேல் கட்டும் பந்தயத்தைத் தடை செய்ய வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர் அந்த மாதமே கேட்டார். ஒஹாயோ போன்ற மாநிலங்கள் தடை செய்தன. எல்லா மாநிலமும் செய்யவில்லை.

ரீகல்ஸைத் திட்டியவர்கள் கலிபோர்னியா அணியை நேசித்தவர்களாவது. பேக்கோட்டுக்கு எழுதியவர்களில் எத்தனை பேருக்கு நார்த் கரோலினா வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியுமோ.

இதையெல்லாம் இரவில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தத் தொடர் ஓட்டப் பெண்தான் ஞாபகத்தில் வந்தாள். அவள் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்திருப்பாள். பக்கத்தில் அவளுடைய பயிற்சியாளர் இருந்தாரா, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அவர் என்ன சொல்லியிருந்தாலும், அதற்கு முன்னாலேயே நாங்கள் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டோம். என் சிரிப்பு முகம் அவள் போனுக்குப் போயிருக்காது, உண்மைதான். எங்கள் குழுவுக்குள்தான் கிடந்தது. ஆனால் எங்கள் குழுவுக்கு அது வந்து சேர்ந்ததே, இப்படி எத்தனை குழுக்களைத் தாண்டி? நானும் அன்று மாலை அதை என் அக்கா மகளுக்கு அனுப்பினேன். அனுப்பியதை இப்போது அழித்துவிட்டேன். அவள் யாருக்கு அனுப்பினாளோ.

பேட்டனுக்கு, இல்லை, இனி அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை, அவனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். கல்லூரியில் ஓட்டத்தில் மாவட்டத்துக்கு ஆடியதாக ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னான். நான் அப்போது என்ன கேட்டேன் தெரியுமா? "பேட்டனைக் கெட்டியாப் பிடிச்சியாடா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "பிடிச்சேன் டீச்சர்" என்றான். கல்லூரியில் நாலு வருஷம் தனி ஓட்டம் மட்டும் ஓடியதாகவும், தொடர் ஓட்டத்துக்குக் கூப்பிட்டால் போகவே மாட்டான் என்றும் அவனோடு படித்த ஒருவர் போன வாரம்தான் என்னிடம் சொன்னார்.

அவனுடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. மூன்று நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இரண்டு வரி டைப் செய்வேன், அழிப்பேன். கும்பிடும் கைப் படம் ஒன்றைப் போட்டு அனுப்ப மனசு வரவில்லை.

அவன் வீட்டு முகவரி தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் சரியாக வேண்டும். இங்கே கமெண்டில் போட வேண்டாம். அவன் பெயரையும் இங்கே யாரும் எழுத வேண்டாம், குழுவில் திரும்பச் சேர்க்கிறேன் என்று யாரும் கிளம்பவும் வேண்டாம். இன்லண்ட் லெட்டர் இன்னும் கிடைக்கிறதா என்று நாளைக் காலை தபால் ஆபீஸில் போய்க் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்